மனசு லேசாகட்டும் என்று மாடித்தோட்டம் போட்டேன், இப்போது அதுவே ஒரு டென்ஷன். எல்லோருக்கும் இப்படித்தானா?

மேடவாக்கம் மூணாவது மாடி:

வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐடி சப்போர்ட்டில் வேலை. அமெரிக்க கிளையன்ட் என்பதால் சாயங்காலம் ஆறரைக்கு லாகின் செய்தால் முடிய விடிகாலை நாலு, நாலரை ஆகிவிடும். தூக்கம் கெட்டுப்போய், வீட்டில் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுகிறேன் என்று மனைவி பிடிவாதமாக டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். பிரஷர் கொஞ்சம் கூட இருந்தது, மற்ற டெஸ்ட் எல்லாம் நார்மல். "மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், கையால் செய்கிற வேலை ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள், செடி வளர்த்துப் பாருங்களேன்" என்றார். செடிதானே, சரி என்று இறங்கிவிட்டேன்.

பொங்கல் முடிந்ததும் ஆரம்பித்தது. யூடியூப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக வாங்கினேன்: குரோ பேக் (செடி வளர்க்கும் பை), கோகோபீட் (தென்னை நார்த்தூள்) கட்டி, மண்புழு உரம், பச்சை நிழல்வலை, டைமர் வைத்த சொட்டுநீர் செட். தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய், பாகல், குடைமிளகாய், ஸ்ட்ராபெர்ரி வரைக்கும் விதை போட்டாயிற்று. எதை என்றைக்கு விதைத்தேன், எதற்கு எத்தனை மில்லி என்ன கரைசல் என்று எக்செல் ஷீட் வேறு. அதோடு ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன், அங்கேதான் வினை. நான் தூங்கப் போகும் நேரத்துக்குச் சரியாக யாராவது ஒருவர் முறம் நிறையக் கத்தரிக்காயை வைத்து "இன்றைய அறுவடை" என்று படம் போடுவார், கீழே நாற்பது கைதட்டல்.

இங்கே தக்காளி பூக்கிறது, கொட்டுகிறது. மிளகாய் இலை எல்லாம் கிண்ணம் மாதிரி சுருண்டுவிட்டது. கத்தரியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. ஷிஃப்ட் முடிந்ததும் நேராக மாடிக்குப் போய் ஏழு, ஏழரை வரைக்கும் பூச்சி பொறுக்குகிறேன், அப்புறம் படுத்தால் தூக்கம் வருவதில்லை. மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போது டைமர் ஓடியதா, நேற்று அடித்த வேப்பெண்ணெய் அதிகமாகிவிட்டதா என்றுதான் யோசனை. போதாக்குறைக்கு வீட்டு ஓனர் வந்து "தளம் ஒழுகினால் நீங்கதான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் கேள்வி இதுதான். தோட்ட வேலை மன அழுத்தத்தைக் குறைக்கும் என்பது உண்மையா, இல்லை எல்லோரும் சும்மா சொல்லிக்கொள்வதா? எனக்கு மட்டும்தான் உல்ட்டாவாகப் போகிறதா? எல்லாவற்றையும் கழற்றி யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று இருக்கிறது.


வடவள்ளி அக்கா:

தம்பி, முதலில் அந்த வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியே வாங்க. மீதியை அப்புறம் பேசலாம்.

சரி, வந்துட்டீங்கன்னு வச்சுக்கறேன். நீங்க சொன்ன லிஸ்டைப் படிச்சா எனக்கே மூச்சு வாங்குது. டைமர், ஷீட், மில்லி கணக்கு, தினமும் காலையில ரிசல்ட். ராத்திரி ஒரு ஆபீஸ், காலையில மாடியில இன்னொரு ஆபீஸ் நடத்திட்டு இருக்கீங்க. இதுல எங்கே மனசு லேசாகும்?

அப்புறம் தக்காளிப் பூ கொட்டுறதுக்கு நீங்க காரணமே இல்லை. பங்குனி, சித்திரையில சென்னையில ராத்திரிகூட வெக்கை இறங்காது. அந்தச் சூட்டுல தக்காளிப் பூவுல மகரந்தம் சரியா வேலை செய்யாது, காய் பிடிக்காம பூ உதிரும். எந்தக் கரைசல் ஊத்தினாலும் அது அப்படித்தான். குடைமிளகாயும் ஸ்ட்ராபெர்ரியும் ஊட்டிப் பக்கம் வளர்ற செடிங்க, அதை மேடவாக்கம் மொட்டைமாடியில அக்னி நட்சத்திரத்துல வச்சா அது பாவம், நீங்களும் பாவம்.

நான் சொல்றதைக் கேளுங்க. காய்கறி எல்லாத்தையும் ஆடி வரைக்கும் ஒத்தி வச்சுடுங்க. ஆடிப்பட்டம் தேடி விதைன்னு பெரியவங்க சும்மா சொல்லலை. ஆடியில விதைச்சா ஐப்பசி மழை கொட்டுறதுக்குள்ள செடி வேர் பிடிச்சு நின்னுடும். இப்போதைக்கு ரெண்டே ரெண்டு வச்சுக்கோங்க, கீரையும் பிரண்டையும்.

பிரண்டை எதுக்குன்னா, ஒரு கணுவை ஒடிச்சு மண்ணுல சொருகிட்டு மறந்துடலாம். நீங்க ஒரு வாரம் எட்டிப் பார்க்கலைன்னாலும் அது கோவிச்சுக்காது. வீட்டுல ஏதோ ஒண்ணு நம்மளை நம்பாம தானா வளருதுன்னு ஒரு நிம்மதி இருக்கு பாருங்க, அதுக்குத்தான்.

கீரைக்கு அகலமான தொட்டி அல்லது பழைய பிளாஸ்டிக் டப் போதும், அடியில ஓட்டை இருக்கணும். சிறுகீரை விதை கடுகைவிடச் சின்னது, அப்படியே தூவினா ஒரே இடத்துல கொத்தாக் கொட்டிடும், அதனால ஒரு கைப்பிடி மணல்ல கலந்து தூவுங்க. மேல லேசா மண் தூவி, பூவாளியில தண்ணி. எறும்பு விதையை இழுத்துட்டுப் போகும், தொட்டியைச் சுத்தி மஞ்சள்தூள் போட்டுடுங்க. மூணு நாலு நாள்ல பச்சையா நூல் நூலா எழும்பிடும், இருபத்தஞ்சு நாள்ல பொரியல். அரைக்கீரைன்னா வேரோட பிடுங்காம ரெண்டு விரக்கடை விட்டு நறுக்குங்க, மறுபடி துளிர்க்கும்.

கீரைக்குக் களை எடுக்கறது, நெருக்கமா இருக்கறதைப் பிடுங்கிக் கலைச்சு விடறது, இது ரெண்டும்தான் எனக்கு மருந்து. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் வேலை செய்யும். எது களை, எது கீரைன்னு கண்ணு தேடிக்கிட்டே இருக்கறதால தலைக்குள்ள வேற எதுவும் ஓடாது. மாமியார் சொன்னது, பையன் மார்க், எதுவும். அரை மணி நேரம் போனதே தெரியாது. சொட்டுநீர் டைமர் வச்சு அந்த வேலையையும் மெஷினுக்குக் கொடுத்துட்டா உங்களுக்கு என்ன மிச்சம்? கவலை மட்டும்தானே.


புள்ளிவிவரப் பைத்தியம்:

"உண்மையா, சும்மா சொல்கிறார்களா" என்று கேட்டதால் உள்ளே வருகிறேன், செடியைப் பற்றி எனக்குப் பெரிதாக எதுவும் தெரியாது, ஆய்வுக் கட்டுரை படிக்கும் கெட்ட பழக்கம் மட்டும் உண்டு.

இந்த விஷயத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது ரோஜர் உல்ரிக் என்பவர் 1984ல் சயன்ஸ் இதழில் எழுதியது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பழைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். ஜன்னல் வழியே மரம் தெரிந்த அறையில் 23 பேர், செங்கல் சுவர் தெரிந்த அறையில் 23 பேர். மரம் பார்த்தவர்கள் சராசரியாகக் கொஞ்சம் முன்னதாகவே, ஒரு நாளுக்கும் குறைவான வித்தியாசத்தில், வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் குறைவாகத்தான் கேட்டார்கள். கவனியுங்கள், அவர்கள் யாரும் செடி நடவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. படுத்துக்கொண்டு பார்த்தார்கள், அவ்வளவுதான்.

உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது நெதர்லாந்தில் நடந்து 2011ல் வெளிவந்த ஆய்வு. முப்பது பேருக்கு வேண்டுமென்றே மண்டை காயும்படி ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, பாதிப் பேரை அரை மணி நேரம் தங்கள் தோட்டத்தில் வேலை செய்யச் சொன்னார்கள், மீதிப் பேரை உள்ளே உட்கார்ந்து படிக்கச் சொன்னார்கள். எச்சிலில் கார்டிசால் அளந்தார்கள், அது அழுத்தம் ஏறும்போது உடம்பில் கூடுகிற ஹார்மோன். இரண்டு குழுவிலும் இறங்கியது, தோட்டக் குழுவில் அதிகமாக இறங்கியது. மனநிலையும் தோட்டத்துக்குப் போனவர்களுக்குப் பழையபடி திரும்பிவிட்டது, படித்தவர்களுக்குத் திரும்பவில்லை.

இதில் ஓர் ஓட்டை உண்டு, அது உங்களுக்கு முக்கியம். அந்த முப்பது பேரும் ஏற்கெனவே தோட்டம் வைத்திருந்தவர்கள், அதாவது பிடித்துச் செய்கிறவர்கள். மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்ததால் ஆரம்பித்தவர்கள் இல்லை. அந்த அரை மணி நேரத்தில் யாரும் அவர்களிடம் எத்தனை கிலோ கத்தரிக்காய் என்றும் கேட்கவில்லை. ஆக, "தோட்டம் எல்லோருக்கும் அழுத்தத்தைக் குறைக்கும்" என்று அதை வைத்துச் சொல்ல முடியாது, "பிடித்தவர்களுக்கு அரை மணியில் குறைகிறது" என்று சொல்லலாம்.

இன்னொன்று, வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, மண்ணில் இருக்கும் ஒரு பாக்டீரியா மூளையில் மகிழ்ச்சி ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது, அதனால் வெறும் கையால் மண்ணைத் தொடுங்கள் என்று. மைக்கோபாக்டீரியம் வாக்கே என்ற அந்தக் கிருமியை வைத்து 2007ல் வந்த ஆய்வு எலிகளில் செய்தது. கொல்லப்பட்ட கிருமியை எலிகளின் உடம்பில் செலுத்திப் பார்த்தார்கள். அதிலிருந்து மேடவாக்கம் மொட்டைமாடி வரைக்கும் வருவது ரொம்ப தூரம். மண்ணைத் தொடுவது பிடித்தால் தொடுங்கள், அதற்கு எலியின் சிபாரிசு தேவையில்லை.


பேராவூரணித் தென்னை:

மேலே எல்லோரும் எழுதியதைப் படித்தேன். எரிச்சலாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம், ஆனால் எங்கள் ஊரில் போய் "விவசாயம் பண்ணினால் டென்ஷன் குறையும்" என்று சொல்லிப் பாருங்கள், தேங்காயாலேயே அடிப்பார்கள்.

எங்கள் அப்பா தென்னந்தோப்பு வைத்திருந்தவர். 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. விடிந்து போய்ப் பார்த்தால் தோப்பில் நின்றதைவிடப் படுத்திருந்ததுதான் அதிகம். தென்னை நட்டுக் காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும், நன்றாகக் காய்க்க இன்னும் கூட. அந்த வயதில் அவர் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவருக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான். மண், செடி, பச்சை, பறவைச் சத்தம் எல்லாமே அவரைச் சுற்றி இருந்தது. ஒன்றும் உதவவில்லை, ஏனென்றால் கடன் இருந்தது.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். போன வருடம் கண் ஆபரேஷனுக்காக அவரை இங்கே கூட்டிவந்து வைத்திருந்தேன். பால்கனியில் என் மனைவி வைத்திருந்த ஒற்றை மிளகாய்ச் செடி, நாங்கள் யாரும் கண்டுகொள்ளாதது. வந்த மறுநாளே பழைய வேட்டித் துணியில் ஒரு கீற்று கிழித்து அதற்குக் குச்சி வைத்துக் கட்டினார். அரிசி கழுவின தண்ணீரைக் கீழே கொட்டவிடவில்லை. மத்தியானம் சாப்பிட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு இலையை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, அடிப்பக்கம் பார்ப்பார். ஏக்கர் கணக்கில் தோப்பு பார்த்த மனிதர், ஒரு செடியில் ஒன்பது மிளகாய் காய்த்ததை ஊருக்குப் போன் போட்டுச் சித்தப்பாவிடம் சொன்னார், சிரித்துக்கொண்டே. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வருடங்கள் ஆகிவிட்டது.

அதே கை, அதே மண். ஒன்றில் பிழைப்பு தொங்கியது, இன்னொன்றில் எதுவுமே தொங்கவில்லை. மேடவாக்கம் சார், உங்கள் குடைமிளகாய் செத்தால் உங்கள் வீட்டில் அடுப்பு எரியாமல் போகப்போகிறதா? இல்லையே. அப்படியிருக்க நீங்களாகவே எதற்கு எக்செல் போட்டு அதில் பிழைப்பைத் தொங்கவிடுகிறீர்கள்? இதுதான் எனக்குப் புரியவில்லை.


மேடவாக்கம் மூணாவது மாடி:

பேராவூரணி சார், கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அக்கா, குழுவை விட்டு வெளியே வந்துவிட்டேன், நிஜமாக. "ஏன் போயிட்டீங்க" என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருக்கிறார்கள், பதில் போடவில்லை.

மூன்று சந்தேகம். ஒன்று, தளம் ஒழுகும் என்று ஓனர் சொன்னது நியாயமா? இரண்டு, அந்த மாவுப்பூச்சியை என்ன செய்வது, கத்தரியைத் தூக்கிப் போட மனசு வரவில்லை, நன்றாக வளர்ந்த செடி. மூன்று, வேலை முடிந்து வந்து செடி பார்ப்பதுதான் எனக்குக் கிடைக்கும் ஒரே நேரம், தூக்கம் வராததற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்குமா?


ராத்திரி டியூட்டி:

மூன்றாவது சந்தேகத்துக்கு நான் சொல்கிறேன், ஸ்டாஃப் நர்ஸ், பாதி ஆயுள் நைட் டியூட்டியிலேயே போயிற்று.

சம்பந்தம் நிறையவே இருக்கிறது அண்ணா. ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டு காலை வெயிலில் ஒரு மணி நேரம் நின்றால், கண்ணில் படுகிற அந்த வெளிச்சம் "விடிந்துவிட்டது, எழுந்திரு" என்று மூளைக்குச் சொல்கிறது, தூக்கம் வரவைக்கிற மெலடோனின் அப்படியே அடங்கிவிடும். நைட் டியூட்டி முடித்துப் போகிறவர்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போங்கள், ஜன்னலுக்குக் கெட்டித் திரை போடுங்கள் என்று சொல்வது இதனால்தான். நீங்கள் என்னடா என்றால் மொட்டைமாடியில் கிழக்கே பார்த்து நின்று பூச்சி பொறுக்குகிறீர்கள்.

மாற்றிப் போடுங்கள். வேலை முடிந்ததும் நேராகப் படுக்கை. மத்தியானம் எழுந்து சாப்பிட்டு, ஐந்து மணிக்கு வெயில் சாய்ந்ததும் மாடிக்குப் போங்கள், ஆறேகால் வரைக்கும் உங்களுடையது. அது உங்களுக்குக் "காலை" மாதிரி, வெளிச்சமும் அப்போது உங்களுக்கு நல்லது. சித்திரை வெயிலில் செடிக்கும் சாயங்காலத் தண்ணீர் பாதகமில்லை, இலையில் ஊற்றாமல் வேரில் ஊற்றுங்கள். மண்ணில் விரலை ஒரு கணு ஆழம் விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். டைமர் வைத்துத் தினமும் விட்டால் கோகோபீட் ஏற்கெனவே தண்ணீரைப் பிடித்து வைக்கும், வேர் அழுகும்.

கையில் முள் குத்தினால், துருப்பிடித்த கம்பி கிழித்தால் டிடி ஊசி (டெட்டனஸ் வராமல் தடுப்பது) எப்போது போட்டோம் என்று யோசித்துப் பாருங்கள், எங்களிடம் வருகிற நிறையப் பேருக்கு ஞாபகமே இருப்பதில்லை.

கடைசியாக ஒன்று, இதைக் கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள். எரிச்சல், தூக்கமின்மை இது ஷிஃப்ட் மாற்றிப் பார்த்தும், லீவு எடுத்துப் பார்த்தும் வாரக்கணக்கில் போகவில்லை, முன்பு பிடித்தது எதுவும் இப்போது பிடிக்கவில்லை, காலையில் எழுந்திருக்கவே வெறுப்பாக இருக்கிறது என்றால் அது செடி வைத்துத் தீர்கிற விஷயம் இல்லை. திரும்ப டாக்டரிடம் போய் இதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லுங்கள். ராத்திரி நேரத்தில் யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தால் 14416 இருக்கிறது, டெலி மானஸ், மத்திய அரசுடையது, இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம், காசு கிடையாது. தமிழ்நாட்டில் 104க்கும் கூப்பிடலாம். உங்களுக்குத் தேவைப்படும் என்று சொல்லவில்லை, இந்தப் பதிவைப் படிக்கிற வேறு யாருக்காவது தேவைப்படலாம்.


ஓய்வு பெற்ற பூச்சிக்காரர்:

வேளாண் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். மாவுப்பூச்சி என்று பார்த்ததும் கை பரபரக்கிறது.

தம்பி, பொறுக்குவதை முதலில் நிறுத்துங்கள். எதைப் பொறுக்குகிறீர்கள் என்று தெரியுமா? மாவுப்பூச்சியைத் தின்பதற்கென்றே கிரிப்டோலீமஸ் என்று ஒரு பொறிவண்டு உண்டு. அதன் புழு பார்ப்பதற்கு அச்சு அசல் மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளையாக, மெழுகு இழை இழையாகத் தொங்கவிட்டுக்கொண்டு இருக்கும். விஷயம் தெரியாதவர்கள் அதையும் சேர்த்து நசுக்கிவிடுவார்கள். ஒரு லென்ஸ் வாங்குங்கள், பத்து மடங்கு பெரிதாகக் காட்டுவது போதும். குச்சியால் லேசாகத் தொடுங்கள். மாவுப்பூச்சி என்றால் இருந்த இடத்திலேயே சோம்பலாகக் கிடக்கும். அதைவிடப் பெரிதாக இருந்து, தொட்டதும் விறுவிறுவென்று ஓடினால் அது உங்கள் ஆள், விட்டுவிடுங்கள்.

எறும்பு இருக்கிறதா பாருங்கள், கட்டாயம் இருக்கும். மாவுப்பூச்சி கழிக்கிற இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், பொறிவண்டை அண்டவிடாது. தண்டின் அடியில் பசை தடவிய துணி சுற்றி எறும்பு ஏறாமல் செய்தாலே பாதி வேலை முடிந்தது. நிறைய அப்பியிருக்கும் இலையை மட்டும் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மற்ற இடத்தில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே உதிர்ந்துவிடும். அதற்கும் மீறினால் லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசலோடு முதலில் நன்றாகக் குழைத்துவிட்டுத் தண்ணீரில் கலந்து, சாயங்காலம் மட்டும் அடியுங்கள். அதுவும் பொறிவண்டு இல்லாத செடிக்கு.

ஒரு பழைய கதை சொல்லட்டுமா? 2008ல் கோவைப் பக்கம் பப்பாளியில் புதிதாக ஒரு மாவுப்பூச்சி வந்தது, மெக்சிகோ பக்கத்துச் சரக்கு. பப்பாளி போயிற்று, மல்பெரி போயிற்று, மரவள்ளி போயிற்று. விவசாயிகள் மாற்றி மாற்றி மருந்து அடித்தார்கள், மெழுகுப் போர்வைக்குள் இருக்கிற பூச்சிக்கு அது உறைக்கவே இல்லை, நல்ல பூச்சிதான் செத்தது. கடைசியில் 2010ல் போர்ட்டோரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் என்ற குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மாவுப்பூச்சிக்கு உள்ளேயே முட்டை வைக்கும். அத்தனை மருந்துக்கும் அடங்காத பூச்சி அதற்கு அடங்கிப்போனது. அந்தச் சமயத்தில் வயல் வயலாகப் போய் இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்ற ஆள் நான், என் சர்வீஸிலேயே சந்தோஷமான காலம் அதுதான்.

உங்களுக்கு எக்செல் போடாமல் இருக்க முடியாது என்று தோன்றுகிறது, குணம் அப்படி. அதை விடச் சொல்லி அக்கா சொன்னாலும் நீங்கள் விடமாட்டீர்கள். அப்படியானால் மில்லி கணக்கை நிறுத்திவிட்டு, என்ன பூச்சி வந்தது, எது எதைத் தின்றது என்று மட்டும் எழுதுங்கள். அதில் நஷ்டக் கணக்கே கிடையாது. செடி பிழைத்தாலும் எழுத விஷயம் உண்டு, செத்தால் இன்னும் நிறைய உண்டு.

ஓனர் விஷயத்துக்கு: அவர் பயப்படுவதில் தப்பில்லை. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அங்குலப் பை ஒன்று ஈரமாக இருக்கும்போது பதினைந்து, இருபது கிலோ வரும். தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவர் ஓரமாக, கீழே பீம் போகிற இடமாகப் பார்த்து வரிசையாக வையுங்கள். பையைத் தரையில் நேராக வைக்காமல் செங்கல் அல்லது இரும்பு ஸ்டாண்டு மேல் வைத்தால் அடியில் தண்ணீர் தேங்காது, பெருக்கவும் முடியும். ஓனரைக் கூட்டிப்போய் ஒருமுறை காட்டுங்கள். முதல் கீரையை அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள், அப்புறம் பாருங்கள்.


ஈசூன் காரிடார்:

சிங்கப்பூரிலிருந்து. எங்களுக்கு மொட்டைமாடியே கிடையாது, வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வாசலில் நடைபாதை ஓரமாக நாலு தொட்டி, அதுவும் போகிற வழியை அடைக்கக் கூடாது. ஒரு கற்பூரவல்லி, ஒரு கறிவேப்பிலை, பாண்டான், துளசி. இந்த நாலுக்கு மேல் வைக்க இடம் இல்லாததே வரம் என்று இந்தத் திரியைப் படித்ததும் தோன்றுகிறது. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி பாண்டான் இலை வெட்டிக்கொள்வார், பதிலுக்குச் சுண்டைக்காய் மாதிரி குட்டி எலுமிச்சை கொண்டுவந்து வைப்பார். இரண்டு பேருக்கும் பொது மொழி இல்லை.

தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டில் தண்ணீர் நிற்கவிடாதீர்கள். இங்கே வீடு வீடாக வந்து பார்ப்பார்கள், கொசுப்புழு இருந்தால் அபராதம். அங்கேயும் டெங்கு இருக்கிறதே, யாரும் அபராதம் போடாவிட்டாலும் தட்டைக் கவிழ்த்துவிடுங்கள்.

பூச்சிக்காரர் ஐயா, அந்தக் குளவிக் கதையைத் தனித் திரியாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.


மேடவாக்கம் மூணாவது மாடி:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை.

லென்ஸ் வாங்கிவிட்டேன், பாரிமுனையில் நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது மாதிரி, சின்னது. கத்தரியில் ஓடுகிற ஆள் இருக்கிறார்! இரண்டு பேர். என் பெண் ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டாள், நசுக்கியது எத்தனை என்று இப்போது கணக்குப் பார்க்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மாற்றியாயிற்று, அவள் ஸ்கூல் விட்டு வந்திருப்பாள், அதனால் கூடவே ஏறிவிடுகிறாள். தூக்கம் உடனே சரியாகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன், கொஞ்சம் பரவாயில்லை. டாக்டரிடம் அடுத்த வாரம் போகிறேன், நர்ஸ் சிஸ்டர் சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன்.

புள்ளிவிவரம் சார், நான் "பிடித்தவர்கள்" கணக்கில் வருவேனா என்று இன்னும் தெரியவில்லை. கத்தரியும் கீரைத் தொட்டியும் பிரண்டையும் மட்டும் வைத்துக்கொள்கிறேன். டைமர் செட், காலி குரோ பேக்குகள், ஸ்ட்ராபெர்ரி விதைப் பாக்கெட் (பாதி இருக்கிறது) எல்லாம் யாருக்காவது வேண்டுமா? சும்மாவே தருகிறேன், வந்து எடுத்துக்கொண்டால் போதும்.


பெரும்பாக்கம் பால்கனி:

நான் பக்கத்தில்தான் இருக்கிறேன். ஸ்ட்ராபெர்ரி வேண்டாம் சாமி. குரோ பேக் எத்தனை இருக்கிறது, நிழல்வலையும் சேர்த்துத் தருவீர்களா, இல்லை அது உங்களுக்கு வேண்டுமா?


வடவள்ளி அக்கா:

நிழல்வலையைக் கொடுத்துடாதீங்க தம்பி, கீரைக்கு வேணும்.